கடைத்தெரு தனக்குத்தானே போட்டுக்கொண்ட வரி

பெல்டன் ஊரில் கல்யாணமான ஆண்களில் முக்கால்வாசிப் பேரின் இடுப்பளவு பெர்னடெட் ஹலுஸ்காவுக்குத் தெரியும். மெயின் தெருவில் அவள் நடத்தியது கோட்டு சூட்டு வாடகைக்கு விடுகிற கடை. மாப்பிள்ளைகள், மாப்பிள்ளைத் தோழர்கள், பெண்ணைப் பெற்ற தகப்பன்மார்கள், பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷ நடன விருந்துக்குப் போகிற பையன்கள் என்று எல்லோரும் அவள் எதிரில் கைகளை விரித்து நின்று வயிற்றை எக்கியவர்கள்தான். "மூச்ச விடுப்பா. கல்யாணம் முடியற வரைக்கும் இப்படியே புடிச்சுக்கிட்டு நிக்கப்போறியா?" என்று கேட்டு, அளவுநாடாவைக் கொஞ்சம் தளர்த்திக் குறித்துக்கொள்வாள். அந்தத் தளர்ச்சிக்காகவே ஊரில் அவளுக்கு நல்ல பெயர்.

ஆள் குள்ளம், குரல் பெரிது. எல்லோருக்கும் அவள் பெர்னிதான். எஃகு ஆலை மூடிய பிறகு ஊரைவிட்டுப் போனவர்கள் போக, போகாமல் இருந்துவிட்டவர்களில் அவளும் அவள் கணவன் லென்னும் அடக்கம். லென் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். மாமனார் விட்டுப்போன கட்டடத்தில் கீழே கடை, மேலே வீடு. தெருவுக்கு எதிர்ச்சாரியில் கிரேக்க வம்சத்துக்காரனான ஸ்டேவ்ரோஸ் கலோயரஸின் சாப்பாட்டுக் கடை. ஸ்டேவ் பள்ளியில் அவளுக்கு இரண்டு வகுப்பு மூத்தவன். கடையையும் கட்டடத்தையும் அவன் அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டவன். தினமும் காலையில் அவன் கடையின் நீள மேசையில், ஜன்னலோர முக்காலியில் உட்கார்ந்து, முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் பெர்னி தன் கடையைத் திறப்பாள். உருளைக்கிழங்கு கருகிவிட்டது என்று அவள் சொல்வதும், கருகினால்தான் ருசி என்று அவன் சொல்வதும் பல வருஷப் பழக்கம்.

பெர்னி கடைக்கு ஒட்டினாற்போல் ப்ரைஸ் பல்பொருள் அங்காடியின் பெரிய கட்டடம் பூட்டிக்கிடந்தது. அதன் சொந்தக்காரர் வார்னர் ப்ரைஸ் புளோரிடா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. போன மனிதர் கட்டடத்தையும் மறந்தார், அதன் முன்னாலிருக்கும் நடைபாதையையும் மறந்தார். பனி பெய்தால் மற்ற கடைக்காரர்கள் அவரவர் வாசலைச் சுரண்டிவிடுவார்கள். ப்ரைஸ் கட்டடத்து வாசலில் மட்டும் பனி விழுந்து, மிதிபட்டு, உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும்.

ஒரு பிப்ரவரியில் பெர்னியின் பள்ளித் தோழி டாட்டி ஸ்லிவா, மகனுக்குக் கல்யாணக் கோட்டு வாங்கிக்கொண்டு போனவள், அந்தக் கண்ணாடியில் வழுக்கி விழுந்தாள். கோட்டு உறையோடு பறந்து சாலையில் போய் விழுந்தது. பெர்னி ஓடிவந்தபோது டாட்டி மல்லாந்து கிடந்தபடியே, "கோட்ட மொதல்ல எடுடி, லாரி ஏறிடப்போவுது," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மகன் கல்யாணத்தைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் பழைய மாதிரி நடக்கவே இல்லை.

பெர்னி நகர மன்றத்துக்குப் போனாள். "நடைபாதை கட்டடக்காரர் பொறுப்பும்மா. நாங்க நோட்டீஸ் அனுப்பிச்சிட்டோம்," என்றார்கள். கட்டடக்காரருக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவளே ஒரு மண்வாரியை எடுத்துக்கொண்டு ப்ரைஸ் வாசலில் இறங்கினாள். அதை முடித்தபோது அதற்கடுத்த காலிக் கடையும் கண்ணில் பட்டது. அதையும் சுரண்டினாள். லென் மாடி ஜன்னலைத் திறந்து, "ஆத்துப் பாலம் வரைக்கும் போயிட்டு வந்துடு பெர்னி, காப்பி போட்டு வெக்கறேன்!" என்று கத்தினான்.

"வாய மூடிக்கிட்டு கீழ வந்து பனி உருக உப்பப் போடு!"

அந்த வசந்தத்தில் வணிகர் சங்கத்துக் காலை விருந்துக்குப் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஓர் ஆலோசகன் பேச வந்தான். மெலிந்த இளைஞன். பெர்னி அவன் கோட்டுத் தோள் சரியாக உட்காரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தவள், அவன் பேச்சில் பாதியில்தான் காதைக் கொடுத்தாள். ஒரு கடைத்தெருவுக்குள் கட்டடம் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து, தங்களுக்குத் தாங்களே ஒரு சின்ன வரி போட்டுக்கொள்ளலாம். வீட்டுவரியோடு சேர்ந்து அது வசூலாகும். ஆனால் அந்தப் பணம் நகர மன்றத்தின் பொதுப்பையில் விழாது. அந்தத் தெருவுக்குள்ளேயே செலவாகும். பனி அள்ள, குப்பை பெருக்க, விளக்குப் போட, காலிக் கடைகளுக்கு ஆள் பிடிக்க. மேம்பாட்டு வட்டாரம் என்று அதற்குப் பெயர். பல ஊர்களில் இருக்கிறது.

"கட்டமாட்டேன்னு ஒருத்தர் சொன்னா?" என்று கேட்டாள் பெர்னி.

"வட்டாரம் அமைஞ்சிட்டா யாரும் நழுவ முடியாதுங்க. ஊர்ல இல்லாதவங்களும் கட்டித்தான் ஆகணும்."

யாரும் நழுவ முடியாது என்ற அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வணிகர் சங்கத்தில் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். நல்ல யோசனை என்று சொன்னவர்களில் அலைய முன்வந்தது அவள் ஒருத்திதான். ஆலோசகன் திட்டத்தை எழுதிக்கொடுத்தான். அவள் அதைத் தூக்கிக்கொண்டு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினாள். வங்கிக்காரர் சரி என்றார். பல் வைத்தியர் யோசிக்கிறேன் என்றார். "உங்க பையன் கல்யாணத்துக்கு மூணே நாள்ல ஏழு கோட்டு தெச்சு சரிபண்ணிக் குடுத்தேன். அப்ப நான் யோசிக்கறேன்னு சொன்னேனா?" என்று கேட்டு அவரையும் மடக்கினாள்.

ஸ்டேவிடம் கடைசியில்தான் சொன்னாள். அவன் எப்படியும் தன் பக்கம்தான் என்ற நினைப்பு. ஒரு காலை, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, திட்டத்தை அவன் முன்னால் விரித்தாள்.

ஸ்டேவ் கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே அதை முழுதாகப் படித்தான். இரண்டு வாடிக்கையாளர்கள் காப்பிக்குக் காத்திருந்தார்கள். அவன் கவனிக்கவில்லை.

"மாட்டேன்," என்றான்.

"என்ன மாட்டேன்?"

"எங்கப்பா காலத்துலேருந்து என் வாசல நான் பெருக்கறேன். என் பனிய நான் அள்றேன். புளோரிடாவுல வெயில் காயற ஆளோட வாசலுக்கு நான் எதுக்கு வரி கட்டணும்?"

"அந்த ஆளும் கட்டுவாருல்ல. அதுக்குத்தானே இது!"

"பெர்னி, நீ நல்லவ. ஆனா இந்த மாதிரி காகிதம் எடுத்துக்கிட்டு நல்லவங்க வந்ததத்தான் இந்தத் தெரு ஏற்கெனவே பாத்திருக்கு," என்றவன் காப்பிக் குடுவையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவன் கடை ஜன்னலில் கையால் எழுதிய ஓர் அட்டை தொங்கியது. 'புது வரி வேண்டாம்.' பெர்னி தன் கடைக்குள் எங்கே நின்றாலும் அது கண்ணில் பட்டது.

சட்டம் ஒரு விதத்தில் விநோதமானது. திட்டத்துக்கு யாரும் ஆதரவு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்கிறவர்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் எதிர்ப்பு வந்துவிட்டால் திட்டம் செத்தது. வராவிட்டால் பேசாதவர்கள் எல்லோரும் சம்மதித்ததாகக் கணக்கு. அதற்கு முன்னால் பொதுக் கூட்டம் ஒன்று போட்டு எல்லோர் பேச்சையும் கேட்க வேண்டும்.

கூட்டம் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்தது. இறைச்சி தவிர்க்கிற தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீன் வறுத்துப் போடுகிற கூடம் அது. எண்ணெய் வாசனை எப்போதும் சுவரில் இருக்கும். ஆலோசகன் திரையில் படங்கள் காட்டினான். வேறு ஊர்த் தெருக்கள், பூத்தொட்டிகள், பச்சைச் சட்டை போட்டுப் பெருக்குகிறவர்கள். பெர்னி மேடைமேல் உட்கார்ந்திருந்தாள். புது மேல்சட்டை, கழுத்துப்பட்டி குத்தியது.

ஸ்டேவ் பின்வரிசையிலிருந்து எழுந்தான். "ஒரே ஒரு கேள்வி. வசூலாற பணத்த எதுக்கு செலவு பண்றதுன்னு யாரு முடிவு பண்ணுவாங்க?"

"நிர்வாகக் குழு முடிவு பண்ணும்," என்றாள் பெர்னி.

"குழுவுல யாரு இருப்பாங்க?"

அவள் ஆலோசகனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமி, கட்டட மதிப்புக்குத் தகுந்தபடி இடங்கள் என்றான்.

"அதாவது வங்கி, மருத்துவமனைக்காரங்க கட்டடம், அப்பறம் புளோரிடாக்காரரு," என்றான் ஸ்டேவ். "பெர்னி, உனக்கு அதுல இடம் இருக்கா?"

 அவளுக்குத் தெரியவில்லை. ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்த திட்டத்தில் பனிக்கும் விளக்குக்கும் உரிய பக்கங்களைத்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள். யார் கையில் பிடி இருக்கும் என்பதை அவள் பார்க்கவே இல்லை.

அப்போது பூக்கடை யோலண்டா ரேயெஸ் எழுந்தாள். பல் வைத்தியரின் கட்டடத்தில் வாடகைக்குக் கடை வைத்திருப்பவள். "எங்களப் பத்தியும் யாராவது சொல்லுங்க. எதிர்ப்பு எழுதற உரிமை கட்டடக்காரங்களுக்குத்தான். ஆனா வரி வந்தா அவங்க அத எங்க வாடகையில ஏத்திடுவாங்க. எனக்கு சரின்னு சொல்லவும் உரிமை இல்ல, வேணான்னு சொல்லவும் உரிமை இல்ல. கட்டறதுக்கு மட்டும் உரிமை இருக்கா?"

யாரோ கைதட்டினார்கள். பிறகு பலர் தட்டினார்கள். பெர்னி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் நல்லதுக்குத்தான் இது. எல்லாரையும் பாத்துக்குவோம்," என்றாள். அவள் காதுக்கே அது வெறுமையாக ஒலித்தது.

எதிர்ப்புகள் குவிந்தன. திட்டம் செத்தது.

தோற்றதைவிட அந்தக் கேள்விக்கு முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருந்ததுதான் அவளை அரித்தது. ஸ்டேவ் தன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், ஊர் முன்னால் வைத்துக் கேட்டிருக்க வேண்டாம் என்று லென்னிடம் சொல்லிச் சொல்லிப் புலம்பினாள்.

"கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?" என்றான் லென்.

"உருளைக்கிழங்கப் பாத்து வறுடான்னு சொல்லியிருப்பேன்."

"அதான் அவன் தனியா கேக்கல."

அவள் எதிர்க்கடைக்குப் போவதை நிறுத்தினாள். மேலே வீட்டில் லென் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு இறங்கினாள். லென் போடும் காப்பி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். ஆனாலும் குடித்தாள். ஜன்னலில் இருந்த அட்டையை ஸ்டேவ் எடுத்துவிட்டான். ஜன்னலோர முக்காலியில் மட்டும் வேறு யாரையும் உட்காரவிடவில்லை என்று வாடிக்கையாளர்கள் வந்து சொன்னார்கள். யாராவது உட்காரப் போனால், கால் ஆடுகிறது, வேறு இடம் பார் என்பானாம். அதைக் கேட்டும் அவள் போகவில்லை.

இலையுதிர்காலத்தில் பெர்னிக்கு வேறொரு யோசனை வந்தது. சட்டமும் வேண்டாம், வரியும் வேண்டாம். விருப்பமுள்ளவர்கள் மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒரு குளிர்காலத்துக்கு ஓர் ஆளை வைத்துப் பார்ப்பது. திட்டத்துக்குத் தலையாட்டியவர்களில் சிலர் போட்டார்கள். கர்ட்டிஸ் மேபன் என்பவனை அமர்த்தினாள். ஆலையின் கடைசிக் கூட்டத்தோடு வேலை போனவன். அதற்குப் பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்தவன். நெடிய ஆள். சத்தமாகச் சிரிப்பான், சத்தம் போடாமல் வேலை செய்வான்.

"பணம் குடுத்தவங்க வாசல் மட்டுமா, எல்லாமா?" என்று கேட்டான் கர்ட்டிஸ்.

"எல்லாம். நடுவுல விட்டா, விட்ட எடத்துலதான் வழுக்கி விழுவாங்க. பாலத்துலேருந்து மாதாகோயில் வரைக்கும் ஒரு வாசல் விடக்கூடாது."

"எதிர்ல, அந்த கிரேக்கர் வாசல்?"

பெர்னி கொஞ்சம் யோசித்தாள். "அதுவும்தான்," என்றாள்.

முதல் பனி விழுந்த காலை, ஸ்டேவ் மண்வாரியோடு வெளியே வந்தபோது அவன் வாசல் சுத்தமாக இருந்தது. உப்புகூடத் தூவியிருந்தது. அவன் நின்று பார்த்தான். தெருவில் கொஞ்ச தூரத்தில் கர்ட்டிஸ் குனிந்து வாரிக்கொண்டிருந்தான்.

"ஏய்! உன்ன யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல சார். வழியில இருந்துச்சு."

"என் வாசல நான் பாத்துக்குவேன்!"

"பாத்துக்கங்க," என்றான் கர்ட்டிஸ். அடுத்த பனிக்கும் அப்படியே செய்தான்.

அதிலிருந்து மெயின் தெருவில் ஒரு போட்டி ஆரம்பித்தது. கர்ட்டிஸ் வருவதற்குள் வாசலை முடித்துவிட வேண்டும் என்று ஸ்டேவ் சீக்கிரம் எழுந்தான். அவன் சீக்கிரம் எழுகிறான் என்று தெரிந்து கர்ட்டிஸ் அந்தப் பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்கினான். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். ஒருவன் வலப்புறத்திலிருந்தும் இன்னொருவன் இடப்புறத்திலிருந்தும் பேசாமல் அள்ளிக்கொண்டே வந்து, நடுவில் மண்வாரிகள் இடித்துக்கொண்டன. பெர்னி தன் கடைத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். லென் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "எதுக்கு பணம் கட்டி பேஸ்பால் பாக்கறாங்கன்னே தெரியல," என்றான்.

ஜனவரி நடுவில் இரவெல்லாம் கொட்டித் தீர்த்த பெரும்பனி ஒன்று வந்தது. ஸ்டேவின் முதுகு அதற்கு முந்தின நாளே பிடித்துக்கொண்டிருந்தது. அவன் கடைக்குள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, வெளியே கர்ட்டிஸ் முழங்கால் ஆழத்தில் நின்று தன் வாசலை வெட்டித் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் கதவைத் திறந்து அவனை உள்ளே கூப்பிட்டான். முட்டை, தொத்திறைச்சி, கருகின உருளைக்கிழங்கு எல்லாம் ஒரு பெரிய தட்டில் வந்தது. கர்ட்டிஸ் நன்றாகச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுப் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"எடுத்து உள்ள வை. வாசலுக்கு நான் உனக்குக் குடுக்கணும்."

"எனக்கு நீங்க எதுவும் தரவேணாம் சார். உங்க வாசலுக்கு அவங்க குடுத்துட்டாங்க," என்று தெருவுக்கு அப்பால் கையைக் காட்டினான் கர்ட்டிஸ். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னான். ஆனால் ஸ்டேவுக்கு அது முதுகுவலியைவிட அதிகமாகக் குத்தியது.

அன்று மத்தியானம், தெருவைக் கடந்து, குனிந்தபடியே, ஸ்டேவ் பெர்னியின் கடைக்குள் வந்தான். அவள் ஒரு கால்சட்டை விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன அளவு எடுக்கணுமா? வயிறு போட்டிருக்கு போல," என்றாள்.

"எனக்குப் பிச்சை போட நீ யாரு?"

இப்போது நிமிர்ந்தாள். "பிச்சையா?"

"என் வாசலுக்கு நீ ஏன் காசு குடுக்கற? எங்க குடும்பத்துல யாரும் அடுத்தவன் காசுல வாசல் பெருக்கினதில்ல. எவ்வளவுன்னு சொல்லு, குடுத்துடறேன்."

"போன வருஷம் அதத்தான் உன்கிட்ட கேட்டேன். நீ அட்ட எழுதி மாட்டின."

ஸ்டேவ் பக்கத்திலிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். முதுகு அவனை முனகவைத்தது. 

"செங்கல் போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றான்.

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவர்கள் இளம் வயதில், மெயின் தெருவுக்குள் கார்கள் வரக்கூடாது என்று மறித்து, நடந்து போகிறவர்களுக்காக என்று தெரு முழுக்கச் செங்கல் பாவினார்கள். செடி வைத்தார்கள், நீரூற்று வைத்தார்கள். கார் வராத தெருவுக்கு ஆளும் வரவில்லை. சில வருஷங்களில் பாதிக் கடைகள் மூடின. பிறகு செங்கலைப் பெயர்த்துவிட்டுத் தாரைப் போட்டார்கள்.

"அதுக்கு எங்கப்பாகிட்ட காசு கேட்டு வாங்கினாங்க. கோட்டு போட்டவங்க வந்து, இதே மாதிரி படம் காட்டினாங்க. நீரூத்துல பசங்க வெளயாடற படம். எங்கப்பா நம்பிக் குடுத்தாரு. வேணாம், காரு வரணும்னு அப்பறமா போய் எவ்வளவோ சொன்னாரு. யாரும் கேக்கல. அவருக்கு அங்க பேச எடமே இல்ல, பெர்னி. காசு வாங்கறப்ப மட்டும் அவரு வேணும்." ஸ்டேவ் மூக்கை உறிஞ்சினான். "அதனாலதான் கேட்டேன், யாரு முடிவு பண்ணுவாங்கன்னு. உன்ன அசிங்கப்படுத்தறதுக்காகக் கேக்கல."

"ஆனா அசிங்கப்பட்டேன்."

"பட்டுட்ட. தெரியும்."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். கர்ட்டிஸுக்குக் கொடுக்கச் சேர்த்த பணம் குளிர்காலம் முடிவதற்குள் தீர்ந்துவிடும் என்று அவனிடம் சொன்னாள். போடுகிறேன் என்றவர்களில் பாதிப் பேர், பக்கத்து வாசல்காரன் போடாமலே சுத்தமாகிறது என்று பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். விருப்பப்பட்டுப் போடுகிற காசில் ஒரு தெரு நடக்காது. எல்லோரும் போட்டாக வேண்டும். ஆனால் எல்லோரும் போட வேண்டுமென்றால் எல்லோருக்கும் வாய் இருக்க வேண்டும்.

"நீயே எழுது, யாரு முடிவு பண்ணனும்னு. நான் ஒரு எழுத்து மாத்தாம போராடறேன்," என்றாள்.

"ஒரு எழுத்து மாத்தாமயா? நீயா?" என்று ஸ்டேவ் சிரித்தான். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டு அம்மா என்றான்.

அந்தத் தவக்காலம் முழுக்க ஸ்டேவ் கடையின் பின்பக்க மேசையில் அவர்கள் சண்டை போட்டார்கள். எவ்வளவு பெரிய கட்டடமானாலும் குழுவில் ஒரே ஒரு இடம் என்றான் அவன். அப்படியானால் வங்கிக்காரர் ஓடிவிடுவார் என்றாள் அவள்; கடைசியில் அவன் சொன்னதே நின்றது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு திட்டம் தானாகச் சாக வேண்டும், வேண்டுமென்றால் மறுபடி ஓட்டுப் போட்டுப் பிழைக்கட்டும் என்றான். அதற்கு அவள் ஒப்புக்கொண்டாள். வாடகைக் கடைக்காரர்களுக்கு இரண்டு இடம் என்று அவள் சொன்னபோது அவன் முரண்டு பிடித்தான். யோலண்டா கூட்டத்தில் கேட்டதை அவள் அப்படியே திருப்பிச் சொன்னதும் அடங்கினான். வரியை வாடகையில் ஏற்றக்கூடாது என்று ஒரு விதி போடலாமா என்று வக்கீலைக் கேட்டார்கள். கட்டடக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடுவில் இருப்பதில் கை வைக்க முடியாது என்றுவிட்டார். பெர்னிக்கு அது முள்ளாக நின்றது. முடியாததை விட்டுவிட்டு முடிந்ததைப் பார்ப்போம் என்றான் ஸ்டேவ்.

இரண்டாவது கூட்டமும் அதே கூடத்தில்தான் நடந்தது. இந்தத் தடவை ஆலோசகனும் இல்லை, திரையும் இல்லை. பெர்னி எழுந்து நின்று, போன முறை படிக்காமல் வந்தேன், இந்த முறை படித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று தொடங்கினாள். கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். பிறகு ஸ்டேவ் எழுந்தான். அவன் மறுபடி எதிர்க்கத்தான் எழுகிறான் என்று நினைத்துப் பலர் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"எனக்கு வரி பிடிக்காது," என்றான். "இப்பவும் பிடிக்கல. ஆனா இந்தக் குளிர்ல என் வாசலுக்கு வேற யாரோ காசு குடுத்தாங்க. அது அதவிடப் பிடிக்கல. இங்க பாதிப் பேரு வாசலும் அப்படித்தான் சுத்தமாச்சு. யார் யாருன்னு நான் சொல்லல, உங்களுக்கே தெரியும். அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டான்.

யோலண்டா அன்று பேசவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே போகும்போது பெர்னியிடம், "ரெண்டு எடம் வாங்கிக் குடுத்திருக்க. பாப்போம்," என்றாள்.

எதிர்ப்புகள் வந்தன, ஆனால் போதவில்லை. இரண்டே இரண்டு கட்டடக்காரர்கள் கூடுதலாக எழுதியிருந்தாலும் திட்டம் மறுபடி விழுந்திருக்கும். புளோரிடாவிலிருந்த வார்னர் ப்ரைஸ் எதிர்ப்பும் எழுதவில்லை, ஒன்றும் எழுதவில்லை. எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாத மனிதர். அவருடைய அந்தப் பழக்கம் ஊருக்கு உதவியது அந்த ஒரு தடவைதான். சட்டத்தின் கணக்கில் அவர் மௌனம் சம்மதமாக எழுதப்பட்டது. லென் அதைக் கேட்டு, "அந்த ஆளுக்கு ஒரு நன்றிக் கடிதம் போடு, அதுக்கும் பதில் வராது," என்றான்.

கர்ட்டிஸுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. பச்சைச் சட்டை கிடைத்தது. பச்சை தனக்கு எடுபடவில்லை என்று அவன் பெர்னியிடம் சொல்ல, நிறத்தை மாற்ற முடியாது என்று அவள் தோளைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். தெருவிளக்குகள் மாறின. கோடையில் தெருமுனையில் இசைக் கச்சேரி நடந்தது. முதல் கச்சேரியில் மழை பெய்தது. புளோரிடாவுக்கு வரிச் சீட்டு போக ஆரம்பித்த பிறகு ப்ரைஸ் கட்டடத்தின்மீது திடீரென்று அக்கறை வந்து, விற்கப்போவதாக ஒரு பலகை தொங்கியது. உடனே யாரும் வாங்கிவிடவில்லை. ஸ்டேவ் குழுவின் பொருளாளராக வந்து, துடைப்பம் வாங்கினதற்குக்கூட விளக்கம் கேட்டு எல்லோர் உயிரையும் எடுத்தான்.

இரண்டாவது வருஷம் பல் வைத்தியர் யோலண்டாவின் வாடகையை ஏற்றினார். வட்டார வரியை மட்டுமல்ல, தெரு இப்போது நன்றாக இருக்கிறது என்று அதற்கு மேலும் ஏற்றினார். பெர்னி போய்ப் பேசினாள். சண்டையும் போட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கதானே தெருவ இப்படி ஆக்கினீங்க," என்றார்.

யோலண்டா நெடுஞ்சாலை ஓரத்தில், பெரிய கார் நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கடையைப் பார்த்துக்கொண்டு கிளம்பினாள். பெர்னியும் லென்னும் தொட்டிகளையும் வாளிகளையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். குளிர்பெட்டியைத் தூக்கக் கர்ட்டிஸ் வந்தான். எல்லாம் ஏறியபின் பெர்னி நடைபாதையில் நின்றாள்.

"உன்மேல எனக்குக் கோவம் இல்ல, பெர்னி," என்றாள் யோலண்டா. "நீ வந்து கத்தினது எனக்குத் தெரியும். ஆனா எல்லாரையும் பாத்துக்குவோம்னு மொத கூட்டத்துல சொன்னியே, அந்த எல்லார்ல நான் இல்லாம போயிட்டேன்."

வண்டி கிளம்பியதும் பெர்னி மேலே போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். லென் காப்பி கொண்டுவந்து வைத்தான். அது ஆறிப்போயிற்று.

அடுத்த குழுக் கூட்டத்தில் அவள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். வசூலில் ஒரு பங்கைத் தனியே வைத்து, வாடகை ஏறித் தத்தளிக்கிற சின்னக் கடைகளுக்கு ஒரு வருஷம் கைகொடுப்பது. அப்படிக் கை கொடுத்தால் கட்டடக்காரர் அந்த வருஷம் வாடகையை ஏற்றுவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்டேவ் எதிர்த்தான். பனிக்கும் விளக்குக்கும் என்று வாங்கின பணம் அது, சொன்னதற்குத்தான் செலவு பண்ண வேண்டும் என்றான். தீர்மானம் தோற்றது. அவள் மறுநாள் காலை அவன் கடைக்குப் போய், தட்டைப் பார்த்து, "கருகிப்போச்சு," என்றாள். அவன், "ஓட்டு முடிஞ்சுபோச்சு, சாப்பிடு," என்றான்.

மறு வருஷமும் அதைக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை வாடகைக் கடைக்காரர்கள் இருவரும் வங்கிக்காரரைத் தங்கள் பக்கம் பேசி இழுத்து வைத்திருந்தார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. ஸ்டேவ் எதிர்த்துத்தான் கை தூக்கினான். ஆனால் பொருளாளர் என்ற முறையில் அதற்கான முதல் காசோலையில் அவன்தான் கையெழுத்துப் போட்டான். முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு அது போனது. யோலண்டாவுக்கு அது உதவவில்லை. அவள் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறாள், வியாபாரம் பரவாயில்லை என்கிறாள். கல்யாணக் கோட்டு எடுக்க வருகிறவர்கள் பூவுக்கு எங்கே போவது என்று கேட்டால் பெர்னி இன்றைக்கும் அங்கேதான் அனுப்புகிறாள், வழியையும் விளக்கமாகச் சொல்லி.